எலும்பும் எஃகும்



எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடுவார்கள் என்பது நாம் யாவரும் அறிந்ததே. முறிவு பெரிதாயின் உள்ளே தகடு வைத்துத் திருகாணிகளால் முடுக்குவார்கள் என்பதும் பலருக்குத் தெரியும். “அவருக்குக் காலில் பிளேட்டு வைத்திருக்கிறது” என்று உறவினர் பேசிக்கொள்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் வைத்த தகட்டைப் பிறகு என்ன செய்வது? அது உள்ளேயே இருக்கலாமா? எடுத்துவிட வேண்டுமா? எடுப்பதென்றால் எப்போது? அதிலும், “வலிக்கிறது, எடுத்துவிடுங்கள்” என்று சொல்ல வாயில்லாத ஒரு நாயின் காலில் அந்தத் தகடு இருந்தால், முடிவு செய்வது யார்?

இவை மருத்துவக் கல்லூரியில் கேட்கவேண்டிய கேள்விகள் என்று நீங்கள் எண்ணலாம். எங்கள் வீட்டில் இவை சாப்பாட்டு மேசையில் கேட்கப்பட்டன. ஏனெனில் எங்கள் வீட்டில் எலும்புக்குள் உலோகம் தாங்கியவர்கள் இருவர். ஒருவர் என் தாத்தா. மற்றவன் எங்கள் நாய் ஜிம்மி.

தாத்தா 2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாசற்படியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. எலும்பின் நடுவேயுள்ள மச்சைக் குழிக்குள் நீண்ட கம்பி ஒன்றைச் செலுத்தி மருத்துவர்கள் அதைச் சேர்த்தார்கள். ஜிம்மிக்கு நேர்ந்தது 2023 ஜூலையில். எங்கள் நீலகிரி மலைப்பாதையின் வளைவு ஒன்றில் வண்டி மோதி, வலது முன்னங்காலின் இரு எலும்புகளும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்துபோயின. அப்போது அவனுக்கு வயது இரண்டு. எடை ஏழு கிலோ. பொமரேனியனும் நாட்டு நாயும் கலந்த சாதி. பாட்டி, “புத்தூர்க் கட்டுப் போட்டால் போதாதா?” என்றார். ஆனால் சமவெளியில் நாங்கள் அழைத்துச் சென்ற கால்நடை மருத்துவர், சிறிய சாதி நாய்களுக்கு அந்த இடத்தில் சதைப்பற்றும் இரத்த ஓட்டமும் குறைவு என்றும், வெறுங்கட்டுப் போட்டால் பெரும்பாலும் எலும்பு சேராமலோ கோணலாகவோ போய்விடும் என்றும் விளக்கினார். ஆகவே ஆரை எலும்பின்மீது என் சுண்டு விரலைவிடச் சிறிய ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் வைக்கப்பட்டன.

தகடு எலும்பை ஒட்டவைக்கும் பசை அன்று. இதனை எங்கள் உயிரியல் ஆசிரியையான அருட்சகோதரி கரும்பலகையில் படம் வரைந்து அழகாக விளக்கினார்கள். எலும்பு உயிருள்ள பொருள். அதனுள் கட்டும் செல்களும் இருக்கின்றன. கரைக்கும் செல்களும் இருக்கின்றன. முறிவு ஏற்பட்டதும் இவை தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. முறிந்த துண்டுகள் அசையாமல் நேராக நின்றால் போதும், சேர்த்து வைக்கும் பணியை எலும்பே செய்துகொள்ளும். அதுவரை பிடித்துக்கொண்டு நிற்பதுதான் தகட்டின் வேலை. புதிய கட்டடத்திற்குச் சாரம் கட்டுவதைப் போன்றது இது. சாரம் வீடாகாது, ஆனால் சாரமின்றி வீடு எழும்பாது.

இதில் ஒரு பந்தயமும் உண்டு. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் நூறு முறை வளைத்தால் அது இற்று முறிந்துவிடும் அல்லவா? அதுபோலவே, ஒவ்வோர் அடி நடக்கும்போதும் தகடு சிறிது சிறிதாகக் களைத்துப் போகிறது. தகடு இற்றுப்போவதற்கு முன் எலும்பு சேர்ந்துவிட வேண்டும். எலும்பு வென்றால் நோயாளி வென்றான்.

ஜிம்மியின் எலும்பு வென்றது. 2023 அக்டோபரில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு மறைந்திருந்தது. “இனித் தகட்டை எடுத்துவிடலாமா, டாக்டர்?” என்று அப்பா கேட்டார். மருத்துவர் சிரித்தார். “எலும்பு சேரும் வரைதான் சார் அது வேலைக்காரன். சேர்ந்த பிறகு விருந்தாளி. விருந்தாளி தொந்தரவு செய்யாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டுமே” என்றார்.

இந்த விடை எனக்குப் புதிதாக இருந்தது. ஆகவே இதைப்பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் என்னை மிகவும் கவர்ந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எலும்பில் தகடு பொருத்தும் முறையை 1886-ஆம் ஆண்டு வெளியிட்டவர் ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரின் அறுவை மருத்துவர் கார்ல் ஹான்ஸ்மன். எக்ஸ்ரே கதிர்களை ரான்ட்கன் கண்டுபிடித்தது 1895-இல் என்பதை நினைவிற்கொண்டால் இதன் அருமை விளங்கும். உள்ளே எலும்பு சேர்ந்ததா என்று பார்க்க வழியில்லாத காலம் அது! ஹான்ஸ்மனின் தகட்டில் ஒரு வியப்பு உண்டு. அதன் ஒரு முனையும் திருகாணிகளின் தலைகளும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஏன் தெரியுமா? வேலை முடிந்ததும் எளிதில் கழற்றி எடுப்பதற்காக! உலகின் முதல் தகடே, எடுக்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டதாகும்.

பின்னர் இலண்டனில் வில்லியம் ஆர்பத்னாட் லேன் போன்றோர் தகட்டை முழுவதும் உள்ளே வைத்து மூடித் தைத்தார்கள். ஆனால் அக்காலத்து உலோகம் உடலின் உப்புநீரில் அரித்துப்போயிற்று. எந்த உலோகம் உடலுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை அமெரிக்காவில் வெனபிள், ஸ்டக் என்னும் மருத்துவர்கள் ஆராய்ந்து 1937-இல் வெளியிட்டார்கள். வேறுபட்ட உலோகங்கள் உடல்நீரில் ஒரு மின்கலத்தைப்போலவே செயற்பட்டு எலும்பைக் கெடுக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். எவற்றின் எலும்பில் வைத்து இதனைச் சோதித்தார்கள்? நாய்களின் எலும்பில்!

அதே 1937-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஆட்டோ ஸ்டேடர் என்னும் கால்நடை மருத்துவர், நாய்களின் முறிந்த கால்களை வெளியிலிருந்தே ஊசிகளாலும் ஒரு சட்டத்தாலும் பிடித்து நிறுத்தும் கருவி ஒன்றை அறிவித்தார். நாய்கள் மறுநாளே அக்கருவியோடு நடப்பதைக் கண்ட மனித மருத்துவர்கள் அதைத் தங்கள் நோயாளிகளுக்கும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்கக் கடற்படையினர் பலருக்கு அக்கருவி பயன்பட்டது. தாத்தாவின் தொடையிலுள்ளது போன்ற கம்பியை ஜெர்மனியின் கீல் நகரில் குன்ட்ஷர் என்பவர் மனிதருக்கு முதன்முதலில் பொருத்தியது 1939-இல். 1958-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர்கள் சிலர் ஒன்றுகூடி ‘ஏ.ஓ.’ என்னும் குழுவை அமைத்து, தகடு வைக்கும் கலைக்கு முறையான விதிகளை வகுத்தார்கள். அதன் கால்நடை மருத்துவப் பிரிவு 1969-இல் தோன்றிற்று.

“நாய்க்குக்கூட இத்தனை வைத்தியமா?” என்று கேட்டு நகைப்போர் உண்டு. அவர்களுக்கு நான் கூறும் விடை இதுதான். மனிதரின் எலும்புக்குள் இன்று நிம்மதியாக உறங்கும் உலோகத்தின் வரலாற்றில் நாய்களின் வலியும் கலந்திருக்கிறது. கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

இனி, எடுப்பதா விடுவதா என்னும் கேள்விக்கு வருவோம். மருத்துவ நூல்கள் கூறும் விதி எளியது. எலும்பு நன்றாகச் சேர்ந்து, தகடு யாதொரு தொல்லையும் தராவிடில் அதை விட்டுவிடலாம். எடுப்பதற்குத் தக்க காரணங்கள் சில உண்டு. வளரும் குட்டியின் எலும்பில் தகடு இருந்து அதன் வளர்ச்சியைத் தடுத்தால் எடுக்கவேண்டும். திருகாணி தளர்ந்தாலோ கம்பி இடம்பெயர்ந்தாலோ எடுக்கவேண்டும். தோலுக்கு அடியில் உறுத்தினால் எடுக்கவேண்டும். கிருமி தொற்றிச் சீழ் பிடித்தாலோ கட்டாயம் எடுக்கவேண்டும். எலும்பு சேர ஆகும் காலமும் வயதுக்கு வயது மாறுபடும். மூன்று மாதம் நிரம்பாத குட்டிக்கு 4 வாரத்திலேயே தகட்டை எடுத்துவிடலாம்; ஓராண்டு கடந்த நாய்க்கு 5 முதல் 14 மாதம் வரை பொறுக்கவேண்டும் என்பது கணக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. அதுவே என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. ஜூலியஸ் வோல்ஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1892-இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். எலும்பு தான் சுமக்கும் பாரத்திற்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதே அது. பாரம் கூடினால் தடிக்கும். பாரம் குறைந்தால் மெலியும். தகடு பாரத்தைத் தானே வாங்கிக்கொண்டால் அதன் அடியிலுள்ள எலும்புக்கு வேலையில்லை. வேலையற்ற எலும்பு நாளடைவில் மெலிந்து வலுவிழக்கிறது. தொடக்கத்தில் எந்தத் தகடு எலும்பைக் காப்பாற்றியதோ, அதே தகடு அளவுக்குமீறி நிலைத்தால் எலும்பைச் சோம்பலாக்கிவிடுகிறது! சிறிய நாய்களின் முன்னங்காலில் இது முக்கியமாகக் கவனிக்கப்படும் தொல்லை.

அப்படியானால் எல்லாத் தகட்டையும் எடுத்துவிட வேண்டியதுதானே என்று அவசரப்படக்கூடாது. தகட்டை எடுத்தபின் திருகாணிகள் இருந்த துளைகள் எலும்பில் வெறுமையாக நிற்கும். முழு மரத்தைவிடத் துளையிட்ட மரம் எளிதில் முறியும் அல்லவா? துளைகள் நிரம்பி எலும்பு வலுப்பெறும் வரை மறுபடியும் முறியும் ஆபத்து உண்டு. மேலும் மயக்க மருந்து கொடுக்கவேண்டும், தசையைக் கீறவேண்டும், அருகிலுள்ள நரம்பு பழுதுபடாமல் காக்கவேண்டும். ஆகவே, வைப்பதற்கு எவ்வளவு யோசனை வேண்டுமோ, எடுப்பதற்கும் அவ்வளவு யோசனை வேண்டும்.

ஜிம்மியின் ‘விருந்தாளி’ முதலில் குணத்தைக் காட்டியது 2023 டிசம்பரில். உறைபனி விழும் காலைகளில் அவன் வலது காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நடந்தான். வெயில் ஏறியதும் நான்கு காலும் தரையில் பட்டன. அவ்விடத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை இல்லை என்றே சொல்லலாம். உலோகம் எலும்பைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும். “இதற்கு மட்டும் அறுவை வேண்டாம், கம்பளி உறை போட்டுப் பாருங்கள்” என்றார் மருத்துவர். அம்மா பழைய கம்பளிச் சட்டையின் கைப்பகுதியை வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலம் கழிந்தது.

2024 ஜூன் மாதம் நிலைமை மாறியது. தகட்டின் கீழ்முனையில் தோல் சிவந்து, ஒரு கொப்புளம் தோன்றி உடைந்தது. சீழ் வடிந்தது. மாத்திரை கொடுத்தோம், பத்து நாளில் ஆறியது. மாத்திரையை நிறுத்தியதும் மீண்டும் வடிந்தது. மறுபடி மாத்திரை; மறுபடி ஆறுதல்; மறுபடி சீழ். உலோகத்தின்மேல் கிருமிகள் வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதனுள் வாழ்கின்றன என்றும், இரத்தத்தில் வரும் மருந்தால் அப்படலத்திற்குள் நுழைந்து எல்லாவற்றையும் அழிக்க இயலாது என்றும் மருத்துவர் விளக்கினார். எக்ஸ்ரேயில் கீழ்த் திருகாணியைச் சுற்றி ஒரு கருநிழல் தெரிந்தது. திருகாணி தளர்ந்து, சுற்றியுள்ள எலும்பு கரைகிறது என்பதற்கு அது அடையாளம்.

“விருந்தாளி வீட்டை இடிக்கத் தொடங்கிவிட்டார். இனி அனுப்பித்தான் ஆகவேண்டும்” என்றார் மருத்துவர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இரு பக்கத்தையும் ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். எடுக்காவிட்டால் கிருமி எலும்பை மேலும் தின்னும். காலையே இழக்க நேரிடலாம். எடுத்தால் ஏற்கெனவே மெலிந்துள்ள எலும்பு மறுபடி முறியலாம். முறிந்தால், கிருமி இருந்த இடத்தில் புதுத் தகடு வைப்பதும் கடினம். “யோசித்துச் சொல்லுங்கள்; ஆனால் அதிக நாள் யோசிக்காதீர்கள்” என்றார்.

அன்றிரவு வீட்டில் பெரிய வாதம் நடந்தது. பாட்டிக்குச் சிறிதும் சம்மதமில்லை. “உங்க தாத்தாவுக்கு வைத்ததை வைத்தபடி விட்டுவிட்டார்கள். இந்த வாயில்லாச் சீவனை மட்டும் ஏன் இரண்டாந்தரம் அறுக்கவேண்டும்? தாத்தாவுக்கு ஒரு நியாயம், ஜிம்மிக்கு ஒரு நியாயமா?” என்றார். அம்மா செலவை நினைத்தார்கள், சொல்லவும் சொன்னார்கள். அப்பா எக்ஸ்ரே படத்தை விளக்கின் எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். என் நெஞ்சு படபடத்தது. நான் ஜிம்மியின் முகத்தைப் பார்த்தேன். அவனோ, தன் வழக்குத்தான் நடக்கிறது என்று அறியாமல், என் காலடியில் படுத்துப் புண்ணை நக்கிக்கொண்டிருந்தான்.

இறுதியில் பேசியவர் தாத்தா. “என் கம்பி சதைக்குள் ஆழத்தில் இருக்கிறது. எனக்கு வயது எழுபத்து நான்கு. அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. நானும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. எனக்கு அது ஊன்றுகோல். அவனுக்கு அது முள். முள்ளை எடுக்காமல் விடுவது இரக்கமாகாது” என்றார். பாட்டி அதன்பின் மறுத்துப் பேசவில்லை. ஜிம்மிக்காக அன்று செபமாலையில் ஒரு பத்து மணி கூடுதலாகச் சொன்னோம்.

2024 ஆகஸ்ட் மாதம் அறுவை நடந்தது. தகடு வைத்துப் பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல்நாள் இரவிலிருந்து ஜிம்மிக்கு உணவில்லை. மயக்க நிலையில் வாந்தி வந்து மூச்சுக்குழலில் இறங்காதிருக்கவே இந்தப் பட்டினி. இரத்தப் பரிசோதனை செய்தார்கள். காலின் உரோமத்தை மழித்து, இரத்தக் குழாயில் ஊசி ஏற்றி மயக்கம் கொடுத்தார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். பழைய தழும்பின் மேலேயே கீறி, தகட்டின் ஓரங்களை மூடி வளர்ந்திருந்த எலும்பைச் செதுக்கி, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியதாக மருத்துவர் பிறகு சொன்னார். கீழ்த் திருகாணி தளர்ந்திருந்ததால் விரலாலேயே வந்துவிட்டதாம். மேலே இருந்த ஒன்று மட்டும் இறுகிப்போய், திருகும்போதே கழுத்து முறிந்து, அதன் நுனித் துண்டு எலும்புக்குள் தங்கிவிட்டது.

“அதையும் தோண்டி எடுத்துவிடலாமே, டாக்டர்?” என்று நான் கேட்டேன். “எடுக்கலாம், பாப்பா. அதற்குப் பெரிய துளை போடவேண்டும். இந்த மெல்லிய எலும்பு அதைத் தாங்காது. சீழ் பிடித்தது கீழே. இது தள்ளி மேலே இருக்கிறது. கண்காணித்துக்கொள்வோம்” என்றார். எதை எடுப்பது என்று அறிவதோடு, எங்கே நிறுத்துவது என்று அறிவதும் மருத்துவம் என்பதை அன்று உணர்ந்தேன். எடுத்த தகட்டை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, அதிலிருந்த கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டறிந்து, அந்த மருந்தைச் சில வாரங்கள் கொடுத்தார்கள்.

அறுவை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதன் பின்வந்த ஆறு வாரங்களே உண்மையான சோதனை! ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படியேறக்கூடாது, வழுக்கும் தரையில் நடக்கக்கூடாது. தேவைக்கு மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே கொண்டுபோகலாம். கால் வலியில்லாமல் இருந்ததால் ஜிம்மிக்குத் தான் நோயாளி என்ற நினைவே இல்லை. மாலை நான்கு மணிக்கு எங்கள் பள்ளிப் பேருந்தின் ஒலி கேட்டதும் வாசலுக்குப் பாய்வது அவன் வழக்கம். அந்தப் பாய்ச்சல் ஒன்றே துளை விழுந்த எலும்பை முறித்துவிடப் போதும். எனவே மூன்றரை மணிக்கே தாத்தா அவனைக் கயிற்றில் கட்டித் தன் நாற்காலிக் காலோடு பிணைத்துக்கொண்டு, தலையைத் தடவியபடி உட்கார்ந்திருப்பார். தையலை நக்காதிருக்கக் கழுத்தில் கூம்பு வேறு! அதைக் கதவு நிலைகளில் எல்லாம் இடித்துக்கொண்டு அவன் நடப்பதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் துளைகள் மங்கத் தொடங்கியிருந்தன. கருநிழல் குறைந்திருந்தது. மேலே அந்தச் சிறு துண்டு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த டிசம்பர் உறைபனியில் ஜிம்மி கம்பளி உறையின்றி நான்கு காலிலும் நடந்தான். அந்தத் துண்டினால் தொல்லை வருமா என்று இன்றும் ஆறு மாதத்திற்கொரு முறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதை எழுதும்போது இருவரை நினைக்கிறேன். ஒருவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவரது காலை நொறுக்கியது. எலும்பு சரியாகப் பொருந்தாமல் முழங்காலுக்குக் கீழே ஒரு முனை துருத்திக்கொண்டு நின்றது. காலணி அழகாக அமையவேண்டும் என்பதற்காக அம்முனையை அறுத்து எடுக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். மயக்க மருந்து மருத்துவத்திற்கு வந்தது 1846-இல்தான் என்றால், அந்த வேதனையை எண்ணிப் பாருங்கள்! அந்த நோய்ப்படுக்கையில் படித்த நூல்களே ஒரு போர்வீரரைப் புனிதராக்கத் தொடங்கின. அவர் தம் வேதனையைத் தாமே தேர்ந்துகொண்டார். ஜிம்மியால் தேர்ந்துகொள்ள முடியாது. அவனுக்காக நாம் தேர்ந்துகொள்கிறோம். எனவே நம் பொறுப்பு பெரிது. நமக்கு எது எளிது, நமக்கு எது மலிவு, நம் கண்ணுக்கு எது பொறுக்காது என்று பாராமல், அவனுக்கு எது நல்லது என்று பார்க்கவேண்டும்.

மற்றவர் திருவிவிலியத்தின் தோபித்து நூலில் வரும் இரபேல் வானதூதர். அவர் இளைஞன் தோபியாவோடு நெடும்பயணம் போகும்போது ஒரு நாயும் கூடவே போகிறது. அந்த நாய் எதற்காகப் போயிற்று என்று நூல் கூறவில்லை. ஆனால் ‘இரபேல்’ என்ற பெயருக்கு ‘கடவுள் குணமாக்குகிறார்’ என்று பொருள் என அருட்சகோதரி சொல்லக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. குணமாக்கும் தூதர் நடந்த பாதையில் ஒரு நாய்க்கும் இடமிருந்தது அல்லவா?

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டு நாய்க்கோ பூனைக்கோ எலும்பில் தகடோ கம்பியோ வைத்திருந்தால் சிலவற்றை மறவாதீர்கள். எக்ஸ்ரே படங்களையும் மருத்துவச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். என்ன அளவுத் தகடு, எத்தனை திருகாணி என்ற குறிப்பு பின்னாளில் எடுக்கும் மருத்துவருக்கு மிகவும் உதவும். நொண்டுதல், வீக்கம், ஓயாமல் ஒரே இடத்தை நக்குதல், சீழ் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், “தானே சரியாகும்” என்று காத்திராமல் காட்டுங்கள். தொல்லை ஏதுமில்லையேல், “எடுத்தே ஆகவேண்டும்” என்று அவசரப்படவும் வேண்டாம். எடுத்தபின் மருத்துவர் சொல்லும் ஓய்வுக் காலத்தை ஒரு நாளும் குறைக்காதீர்கள்.

உதவி என்பது தக்க காலத்தில் வருவதும், தக்க காலத்தில் விலகுவதும் ஆகும். எலும்பு தளர்ந்தபோது எஃகு தாங்கியது. எலும்பு எழுந்து நின்றபோது எஃகு விலகியது. நம்மைத் தாங்கி நடத்தும் பெற்றோரும் அருட்சகோதரிகளும்கூட, நம் கால்கள் வலுப்பெற வேண்டும் என்பதற்காகவே தாங்குகிறார்கள். அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் காலெடுத்து வைக்கவிருக்கும் எங்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு உண்டோ? பேசத் தெரியாத உயிர்களுக்காகப் பேசவும் யோசிக்கவும் இறைவன் நமக்கு நல்லறிவு தருமாறு வேண்டி என் கட்டுரையை நிறைவு செய்கிறேன்.